இரண்டு எலுமிச்சை அளவு புளி

நவம்பர் 16

நேற்று வள்ளியூரில் வணிகர் சங்க ஆண்டு விழாப் பட்டிமன்றம். எனக்குக் கைதட்டல் பத்தொன்பது. அதில் நீளமானவை ஏழு. எதிரணிச் சேர்மக்கனிக்கு மொத்தமே பதினொன்று. அதிலும் இரண்டு அவன் பேச்சை முடித்ததற்காகக் கிடைத்தவை.

வழக்கம்போல மைக்கைப் பிடித்ததும் மூன்று தடவை கனைத்தேன். இந்தப் பக்கத்தில் என் கனைப்பே ஒரு முத்திரை. அடுத்தது குத்துவிளக்கு நகைச்சுவை. "எங்க வீட்டம்மா சாம்பார் வச்சா வாசல்ல நாலு பொம்பளையாளு வரிசையில நிப்பாங்கய்யா! சாப்பிடுததுக்கு இல்ல. ‘அக்கா, ஒரு கரண்டி குடுங்க, குத்துவிளக்கு தேய்க்கணும்’னு!" பதினைந்து வருஷமாகச் சொல்கிறேன். இன்னும் பந்தல் அதிர்கிறது.

ஒரே ஒரு குறை. முடிவுரையில் ‘தமிழ்ப் பெருமக்களே’ என்று உச்சத்தில் எடுத்தபோது ‘தமிழ்’ வந்தது, ‘பெருமக்கள்’ வரவில்லை. வெறும் காற்றுதான் வந்தது. நான் உணர்ச்சிவசப்பட்டுவிட்டதாக நினைத்துக் கைதட்டினார்கள். அது பத்தொன்பதாவது.

முடிந்ததும் புரோட்டா, சால்னா, இரண்டு ஆம்லெட். வேனில் பின்சீட்டில் கால் நீட்டிப் படுத்தபடி அம்பாசமுத்திரம் வந்து சேர்ந்தேன். காலையில் எழுந்து புளி கரைத்துச் சாம்பாரை இறக்கி வைத்துவிட்டு நூலகத்துக்குப் போனேன். மனைவி உலகம்மை ஏழரை பஸ்ஸைப் பிடித்து ஆழ்வார்குறிச்சிக்குப் போய்விட்டாள். அவள் அங்கே தபாலாபீஸில் போஸ்ட்மாஸ்டர். நான் இங்கே கிளை நூலகர். மேடையில் மட்டும் சொற்கொண்டல் பிரம்மநாயகம்.

மதியம் நடுவர் திருவம்பலம் ஐயா போன் செய்தார். தொலைக்காட்சிப் பொங்கல் பட்டிமன்றத்தில் இந்த முறை கணவர் அணிக்கு நான் தலைவர். ஜனவரி நான்காம் தேதி மதுரையில் பதிவு. பதினைந்து வருஷமாக இந்த நாற்காலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷத்தில் சத்தம் போட்டுவிட்டேன். ‘அமைதி காக்கவும்’ பலகைக்குக் கீழே உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பவர்கள் ஐந்து பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

நவம்பர் 19

குரல் கட்டியிருக்கிறது. தொண்டையில் ஏதோ ஒட்டிக்கொண்டே இருக்கிறது, கனைத்தாலும் போகவில்லை. காலையில் வெறும் வயிற்றில் எலுமிச்சைச் சாறும் தேனும். பத்து மணிக்கு மிளகுக் கஷாயம். மதியம் இஞ்சிச் சாறு. மாலையில் மறுபடி எலுமிச்சை. வாயில் எந்நேரமும் அதிமதுரம். பேச்சாளர்கள் எல்லோரும் இதைத்தான் செய்கிறோம்.

நவம்பர் 23

எலுமிச்சையை மூன்று வேளையாக்கினேன். குரல் இன்னும் மோசம். திருவம்பலம் ஐயா போனில் என் ‘வணக்கம்’ கேட்டுவிட்டு, "யாரு பேசுதது?" என்றார். நான்தான் என்று இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. பிறகு, "எதுக்கும் நம்ம சேர்மக்கனியத் தயாரா இருக்கச் சொல்லட்டுமா?" என்றார்.

எதுக்கும் என்றால் எதற்கு?

நவம்பர் 25

நானும் உலகம்மையும் திருநெல்வேலிக்குப் போய்க் காது மூக்குத் தொண்டை டாக்டரைப் பார்த்தோம். டாக்டர் ரஹ்மத் நிஷா. வயது முப்பத்தைந்துகூட இருக்காது. வாய்க்குள் ஒரு கேமராக் குழாயை விட்டு, "ஈ சொல்லுங்க" என்றார். என்னுடைய ஈ எனக்கே வெட்கமாக இருந்தது.

பிறகு திரையைத் திருப்பிக் காட்டினார். குரல் நாண்களாம், இரண்டு சின்னப் பட்டைகள். வெள்ளையாக இருக்க வேண்டியவையாம். மிளகாய்ப்பழ நிறத்தில் இருந்தன. இடது பக்கம் வீங்கியிருந்தது. பதினைந்து வருஷமாக மாவட்டத்தையே சிரிக்க வைத்தவை இவைதானா என்று நம்ப முடியவில்லை. கட்டைவிரல் நகம் அளவுகூட இல்லை.

"வயித்துல இருக்க அமிலம் மேல ஏறி வந்து இதுல படுது ஐயா. வயித்துக்கு உள்பக்கம் தடிச்ச பூச்சு இருக்கு, தாங்கும். குரல் நாணுக்கு அவ்வளவு கிடையாது. ஆனாலும் அது சும்மா இருக்கல. மேல வழவழன்னு ஒரு போர்வை போட்டுக்கிடுது. உள்ள இருந்து சோடா உப்பு மாதிரி ஒண்ணு ஊறி வந்து அமிலத்த முறிக்குது. அதையும் மீறி ஒரு துளி மூச்சுக்குழாய்க்குள்ள போகப் பாத்தா, ரெண்டும் டக்குன்னு கதவு மாதிரி சாத்திக்கிடும். ரொம்ப நாளா அமிலம் பட்டுக்கிட்டே இருந்தா தோலே தடிச்சுப் போகும். அதுவும் தன்னக் காப்பாத்திக்கிடத்தான்."

தொண்டையில் சளி நிற்பதாகவும், கனைத்துக் கனைத்துத் துப்புவதாகவும் சொன்னேன்.

"அந்தச் சளின்னு சொல்லுறீங்களே, அதான் அந்தப் போர்வை. நீங்க உரிச்சுப் போடப் போட அது திரும்பத் திரும்பப் போத்திக்கிடுது. கனைக்கும்போது வேற ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு மோதுது."

என் முத்திரைக் கனைப்பைத்தான் சொல்கிறார். எலுமிச்சை வைத்தியத்தைச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வயிற்றுச் சாறு கொஞ்சம் அந்தப் பட்டையிலேயே ஒட்டிக்கொண்டு தூங்குமாம். மேலேயிருந்து புளிப்பை ஊற்றினால் அது விழித்துக்கொள்ளுமாம். நான் நாளைக்கு மூன்று வேளை எழுப்பியிருக்கிறேன்.

பத்து நாள் ஒரு சொல் பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது. சாப்பிட்டு மூன்று மணி நேரத்துக்குப் படுக்கக் கூடாது. இதையெல்லாம் எழுதிவிட்டுக் கேட்டார்: "வீட்ல யார் சமையல்?"

பேச்சுத் தடை அந்த நிமிஷமே தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொண்டு சீட்டில் எழுதினேன். ‘மனைவி.’

டாக்டர் உலகம்மை பக்கம் திரும்பினார். புளியைக் குறைக்க வேண்டும், காரத்தைக் குறைக்க வேண்டும், இந்த வயதில் இவருக்கு இப்படிச் சமைத்துப் போடலாமா என்று பத்து நிமிஷம் பேசினார். உலகம்மை மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, "சரி டாக்டர், சரி டாக்டர்" என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

பஸ்ஸில் ஒன்றும் சொல்லவில்லை. கோபம் இல்லை. அவளுக்குக் கோபம் வராது. ரொம்பப் பொறுமையானவள்.

நவம்பர் 26

ஒரு விஷயத்தை இங்கே தெளிவாக எழுதி வைக்கிறேன். வீட்டில் காலைச் சமையல் நான்தான். கல்யாணமான இரண்டாம் வருஷத்திலிருந்து. அவளுக்கு ஏழரைக்குப் பஸ், எனக்கு ஒன்பதுக்கு நூலகம், அதனால் இப்படி ஓர் ஏற்பாடு. ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டிய செய்தி இல்லை. மேடையில் மனைவி சமையலைக் கிண்டல் செய்வது பட்டிமன்ற மரபு. கணவன் தன் சமையலையே கிண்டல் செய்தால் யார் சிரிப்பார்கள்?

தவிர, என் சாம்பாரில் தப்பு இல்லை. இரண்டு எலுமிச்சை அளவு புளி, பன்னிரண்டு மிளகாய் வற்றல். அளவு குறைந்தால் அது சாம்பார் இல்லை, பருப்புத் தண்ணீர்.

நவம்பர் 28

இன்று கனைத்தது பதினேழு முறை. டாக்டர் அனுமதித்தது பூஜ்யம்.

நவம்பர் 30

நான் பேசாமல் இருந்தால் வீடு அமைதியாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. உலகம்மை பேசுகிறாள். காலையில் பேசுகிறாள், ஆபீஸ் விட்டு வந்து பேசுகிறாள். ஆழ்வார்குறிச்சியில் யாருக்கு என்ன தபால் வருகிறது, பஸ் கண்டக்டர் என்ன சொன்னான், எல்லாம் சொல்கிறாள். சிரிப்பாகவும் சொல்கிறாள். இன்று சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என்னைப் பார்த்து, "டாக்டரம்மா பத்து நாளுன்னு சொல்லிட்டாவ. இருபதுன்னு சொல்லியிருந்தா ஒரு நேர்த்திக்கடன் போட்டிருப்பேன்" என்றாள்.

நன்றாகத்தான் இருந்தது. மேடைக்கு ஆகும். குறித்துக்கொண்டேன்.

டிசம்பர் 2

விடுமுறை எடுத்திருந்தேன். திருவம்பலம் ஐயாவுக்கு உடல்நிலையைக் கடிதமாக எழுதினேன். பதிவுத் தபாலில் அனுப்பினால் கனம் கூடும் என்று நானே ஆழ்வார்குறிச்சிக்கு எடுத்துக்கொண்டு போனேன். தொண்டையைச் சுற்றி மப்ளர், முகத்தில் மாஸ்க். வரிசையில் ஏழாவது ஆளாக நின்றேன். யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

வரிசையின் முன்னால் நின்றவர் முப்பிடாதி, ஓய்வுபெற்ற நில அளவையர். கவுன்டருக்குள் தலையை நீட்டி, "என்ன மதினி, வீட்ல குத்துவிளக்கு ஒண்ணு கறுத்துப் போய்க் கெடக்கு. ஒரு கரண்டி கெடைக்குமா?" என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது. உலகம்மையும் சிரித்தாள்.

"கசியுத பொருளத் தபால்ல எடுக்க மாட்டோம் அண்ணாச்சி" என்றாள்.

மறுபடி சிரிப்பு. என் நகைச்சுவை எத்தனை தூரம் பரவியிருக்கிறது என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்து ஒரு பெண், பாஸ்புக்கை நீட்டிக்கொண்டே, "அக்கா, எங்க வீட்டுப் பித்தளை அண்டாவுக்கு..." என்றாள். உலகம்மை அதே சிரிப்பைச் சிரித்து, அதே பதிலை அதே இடத்தில் நிறுத்திச் சொன்னாள். அதற்கடுத்து ஒரு பெரியவர். அவருக்கும் அதே சிரிப்பு, அதே பதில். கை முத்திரை குத்திக்கொண்டே இருந்தது. அரை மணி நேரத்தில் நான்கு பேர். ஒரு நாளைக்கு எத்தனை பேர், பதினைந்து வருஷத்துக்கு எத்தனை பேர் என்று மனசு பாட்டுக்குப் பெருக்கத் தொடங்கியது. நிறுத்திவிட்டேன்.

என் முறை வருவதற்குள் வெளியே வந்துவிட்டேன். கடிதம் சட்டைப் பையிலேயே இருக்கிறது.

டிசம்பர் 5

டாக்டர் சொன்னபடி இன்று முதன்முதலாக அரை எலுமிச்சை அளவு புளி, மூன்று வற்றல். வெறும் பருப்புத் தண்ணீர்தான். உலகம்மை இரண்டு தடவை வாங்கி ஊற்றிக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் ஒரு கரண்டிக்கு மேல் ஊற்றி நான் பார்த்ததில்லை. மோர்ச் சோறுதான் பிடிக்கும் என்பாள்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, கைப்பையிலிருந்து பஸ் பாஸை எடுத்துத் தாருங்கள் என்றாள். பையில் நெஞ்செரிச்சல் மாத்திரை அட்டைகள் மூன்று இருந்தன. ஒன்று காலி, ஒன்று பாதி, ஒன்று புதிது. ‘எப்போதிலிருந்து?’ என்று நோட்டில் எழுதிக் காட்டினேன்.

"அதுவா? அது பழகிட்டு" என்றாள். பாஸையும் பையையும் வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

டிசம்பர் 6

மௌனம் முடிந்தது. முதல் சொல்லாக ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். கேஸ் சிலிண்டர்காரன் வந்துவிட்டான். முதல் சொல், "வச்சிட்டுப் போப்பா."

டிசம்பர் 9

டாக்டரிடம் மறுபடி. இரண்டு பட்டைகளும் வெளுத்திருக்கின்றன. வீக்கம் பாதி போயிற்று. பத்து பத்து நிமிஷமாகப் பேசலாம். கத்தக் கூடாது, கனைக்கவே கூடாது, எச்சில் விழுங்கி வெந்நீர் ஒரு மடக்குக் குடிக்க வேண்டும்.

"முழுப் பேரும் உங்க வீட்டம்மாவுக்குத்தான். சொன்ன உடனே சமையல மாத்திட்டாங்க" என்றார் டாக்டர்.

உலகம்மை என்னைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த காது படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சொல்லியிருக்கலாம்தான். வாய்வரை வந்தது. ஆனால் ஒரு தடவைக்குப் பத்து நிமிஷம்தானே அனுமதி, இதில் செலவு செய்ய வேண்டாமே என்று சேமித்துக்கொண்டேன்.

டிசம்பர் 15

ஒத்திகை. குத்துவிளக்கு நகைச்சுவையைக் கத்தாமல் சொல்லிப் பார்த்தேன். சின்னக் குரலில் சொன்னால் அது நகைச்சுவையாகவே இல்லை. ஒரு ஆள் தன் மனைவியைப் பற்றிக் குறை சொல்வது போல இருக்கிறது.

டிசம்பர் 22

திருவம்பலம் ஐயா குரலைக் கேட்டார். தேறிவிட்டாய் என்றார். சேர்மக்கனி வேண்டாம், நானேதான். தலைப்பு: ‘இல்லறத்தில் பெரிதும் விட்டுக்கொடுப்பவர் கணவரா, மனைவியா?’ நான் கணவருக்காக. போனை வைக்கும் முன்னால், "அந்தக் குத்துவிளக்க மறந்துராதீரும். அது இல்லேன்னா டிவிக்காரன் விடமாட்டான்" என்றார்.

டிசம்பர் 31

வெளிச் சாப்பாடு கூடாது என்பதால் மதுரைக்கு உலகம்மையையும் கூட்டிப் போக வேண்டும். வெந்நீர்ப் பிளாஸ்க்கும் அவள் பொறுப்பு. என் நிகழ்ச்சிக்கு அவள் கடைசியாக வந்தது எப்போது என்று யோசித்தேன். முதல் வருஷம் வந்தாள். அதற்குப் பிறகு எப்போது கூப்பிட்டாலும் ஆபீஸில் ஆடிட் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில்கூட இருந்திருக்கிறது. இப்போதுதான் உறைக்கிறது.

ஜனவரி 4

மதுரை. விடுதி அறை. உலகம்மை தூங்குகிறாள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அரங்கம் நிறைந்திருந்தது. பதினொரு விளக்கு, நான்கு கேமரா. உலகம்மை மூன்றாவது வரிசையில் ஓரத்து நாற்காலியில். நான் எழுந்தேன், கனைக்கவில்லை, வெந்நீர் ஒரு மடக்கு. குரல் சின்னதாகத்தான் வந்தது, ஆனால் உடையாமல் வந்தது. ஐந்து நிமிஷம் நன்றாகவே போயிற்று. கைதட்டல் ஆறு.

அப்போது திருவம்பலம் ஐயா மைக்கை இழுத்தார். "ஆமா, உங்க வீட்டுச் சாம்பார் சௌக்கியமா? குத்துவிளக்கு தேய்க்க இன்னும் ஆளு வருதாங்களா?"

கூட்டம் இப்போதே சிரிக்கத் தொடங்கிவிட்டது. கேமராக்காரர் ஒருவர் மூன்றாவது வரிசையைப் பார்த்துத் திரும்பினார். நானும் பார்த்தேன். நான் இன்னும் வாயே திறக்கவில்லை. உலகம்மை முகத்தில் அந்தச் சிரிப்பு ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தது. கவுன்டரில் சிரிக்கும் சிரிப்பு. அடி விழுவதற்கு முன்னாலேயே போர்த்திக்கொண்டு தயாராக இருந்தாள்.

 எனக்குப் பயமாக இருந்தது.

"அந்தச் சாம்பார வைக்குதது நான்தான்" என்றேன்.

 அரங்கம் வெடித்தது. அப்படி ஒரு சிரிப்பை என் வாழ்நாளில் வாங்கியதில்லை. திருவம்பலம் ஐயா மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"நெசமாத்தான் சொல்லுதேன். இருபத்தொரு வருஷமா நான்தான் சமைக்கேன். அவ ஏழரைக்குப் பஸ்ஸுக்குப் போயிருவா..."

இன்னும் பெரிய சிரிப்பு. முன்வரிசையில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நம்புங்கய்யா!" என்று கத்தினேன். டாக்டர் கத்தக் கூடாது என்று சொன்னது அந்த ஒரு சொல்லைத்தான் போலிருக்கிறது. அடிவயிற்றிலிருந்து ஏதோ புளித்துக்கொண்டு மேலே வந்தது. தொண்டைக்குள் கதவு சாத்திக்கொண்டது. மூச்சு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. கையை ஆட்டினேன், கண் பிதுங்கியது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு மேடைக்கு ஓடி வந்தது ஒரே ஒருத்திதான்.

"மூக்கு வழியா, மெதுவா. மெதுவா இழுங்க" என்று முதுகைத் தடவினாள். கதவு கொஞ்சமாகத் திறந்தது. திருவம்பலம் ஐயா மைக்கில், "பேச்சுக்கு ஒரு பரிசுன்னா நடிப்புக்கு ரெண்டு பரிசு குடுக்கணும்" என்றார்.

முடிந்ததும் ஐயா அறைக்கு வந்தார். பதினெட்டாம் தேதி சங்கரன்கோவில் பட்டிமன்றத்துக்கு அவரால் போக முடியாதாம், வேறு வேலையாம்; என்னை நடுவராக உட்காரச் சொன்னார். நடுவர் நாற்காலி! சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. தலையை ஆட்டினேன்.

அவர் போனதும் உலகம்மை படுக்கையை உதறிக்கொண்டே, "யாரும் நம்பலேன்னா என்ன? நீங்க சொன்னது எனக்குக் கேட்டுச்சு" என்றாள்.

ஜனவரி 8

டாக்டர் கேமரா விட்டுப் பார்த்தார். மறுபடி சிவந்திருக்கிறது. கதவு மூடியது என்னைக் காப்பாற்றத்தான், பயப்பட வேண்டாம் என்றார். ஆனால் இனி ஆறு வாரத்துக்கு ஒரு நாளைக்கு மொத்தம் இருபது நிமிஷம்தான். அதைத் தாண்டினால் நிரந்தரமாகக் கட்டைக் குரல்தான் மிச்சம்.

இந்தத் தடவை சொல்லிவிட்டேன். "டாக்டர், சமையல் நான்தான். அன்னைக்கு எழுதுனது பொய்."

டாக்டர் சிரித்தார். "வீட்டம்மாவ விட்டுக்குடுக்காம பேசுறீங்க பாருங்க, அது நல்ல குணம் ஐயா" என்றார்.

ஜனவரி 14

பொங்கல். பத்து மணிக்கு ஒளிபரப்பு. நான் ‘நான்தான்’ என்றதும் திரையில் உலகம்மையின் முகத்தைப் பெரிதாகக் காட்டினார்கள். கீழே எழுத்து: ‘சாம்பார் அம்மா’. கூடவே டொய்ங் என்று ஒரு சத்தம்.

போன் நாற்பது வந்தது. எல்லோரும் பாராட்டினார்கள். உலகம்மை பொங்கல் பானையைக் கழுவப் போய்விட்டாள்.

ஜனவரி 18

இன்று மாலை சங்கரன்கோவிலில் நடுவர் நாற்காலியில் இருந்திருக்க வேண்டியவன், வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். சேர்மக்கனி போயிருக்கிறான். நன்றாகப் பேசுவான். வயிறு எரிகிறது. மாத்திரை போட்டிருக்கிறேன்.

காலையில் பஸ் பிடித்து ஆழ்வார்குறிச்சிக்குப் போனேன். சும்மா பார்த்துவிட்டு வரத்தான். மப்ளர் இல்லை, மாஸ்க் இல்லை. பொங்கல் முடிந்த கூட்டம், வரிசை வாசல்வரை நின்றது. முப்பிடாதி கவுன்டரில் சாய்ந்துகொண்டு பேசிக்கொண்டிருந்தார்.

"என்ன சாம்பார் அம்மா! அண்ணாச்சியவே சமைக்க விட்டுட்டதா டிவில சொல்லுதாரு? பாவம் மனுசன், மூச்சே நின்னு போச்சு!"

எல்லோரும் சிரித்தார்கள். உலகம்மை அந்தச் சிரிப்பை எடுக்கப் போனாள். எனக்குத் தெரியும், இன்னும் அரை நொடியில் முகத்தில் வந்துவிடும்.

"முப்பிடாதி அண்ணாச்சி" என்றேன். "நெசமாவே நான்தான் வைக்கேன்."

திரும்பிப் பார்த்தவர்கள் கைதட்டினார்கள். சொற்கொண்டலே நேரில் வந்து சொல்கிறார் என்று இன்னும் சிரிப்பு. எனக்கு இருபது நிமிஷம் இருந்தது. மாலைக்கு வைத்திருந்த இருபது நிமிஷம். கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று ஐந்து.

"கேளுங்க. என்ன வேணும்னாலும் கேளுங்க" என்றேன்.

வரிசையில் கூடையோடு நின்ற ஒரு அம்மாள் வம்புக்கே கேட்டார். "சரிய்யா, பருப்புக்கு என்ன போடுவீய?"

"வேகும்போதே ரெண்டு சொட்டு விளக்கெண்ணெய். பெருங்காயக் கட்டி பருப்போடயே."

"வெந்தயம்?"

"வறுத்துப் பொடிச்சு கடைசில. அடுப்ப அணைச்சப்புறம் அந்தச் சூட்டுலயே. கொதிக்கும்போது போட்டா கசக்கும்."

"பொடிக்குத் தேங்கா எந்த நெறத்துக்கு வறுக்கணும்?"

சொன்னேன். மல்லிக்கு எத்தனை வற்றல், கடலைப்பருப்பு எப்போது, எல்லாம் சொன்னேன். சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது. கூடை அம்மாள் கூடையைக் கீழே வைத்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு கடைசியாக ஒன்று கேட்டார்.

"புளித்தண்ணிய முதல்ல ஊத்துவீயளா, காய முதல்ல போடுவீயளா?"

"காய்தான். பாதிக்கு மேல வெந்தப்புறம்தான் புளி. முதல்லயே புளிய ஊத்துனா காய் வேகாதும்மா. வெறைச்சுக்கிட்டு அப்படியே நிக்கும். எவ்வளவு நேரம் கொதிச்சாலும் மசியாது."

அந்த அம்மாள் முப்பிடாதியைப் பார்த்தார். "இது அடுப்படியில நின்ன ஆளுக்குத்தான் தெரியும். இவருதான் வைக்காரு" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. என் பதினைந்து வருஷ மேடை வாழ்க்கையில் ஒருத்தர்கூடச் சிரிக்காத கூட்டம் இதுதான். முப்பிடாதி கையிலிருந்த படிவத்தை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். "அப்ப இத்தனை வருசமா நாங்க மதினிய..." என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டுவிட்டார்.

உலகம்மை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மாட்டிக்கொண்டாள். "அடுத்த ஆள் வாங்க" என்றாள்.

ஒரு மணிக்குக் கவுன்டரை மூடும்வரை மரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அதற்குள் என்னை ஏழு பேர் விசாரித்தார்கள், ஏழு பேருக்கும் பதில் சொன்னேன். இருபது நிமிஷமும் தீர்ந்துவிட்டது. சங்கரன்கோவிலுக்கு, வர முடியாது என்று செய்தி எழுதி அனுப்பினேன். அவள் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு வெளியே வந்தாள். பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது, மனசு கேட்காமல், ஒரு பழைய படிவத்தின் பின்பக்கத்தில் எழுதி நீட்டினேன்: ‘என் சாம்பார் நிஜமாகவே அவ்வளவு மோசமா?’

வாங்கிப் படித்தாள். மடித்துக் கைப்பையில் வைத்தாள். கொஞ்ச தூரம் நடந்தாள்.

"ரொம்ப மோசம்" என்றாள்.

மறுத்துப் பேச எனக்கு எவ்வளவோ இருந்தது, குரல்தான் இல்லை. அவள் நிறுத்தவில்லை. புளியில் தொடங்கினாள். வற்றலுக்கு வந்தாள். கல்யாணமான மூன்றாம் வருஷம் விருந்துக்கு வந்த அவள் தம்பி ஏன் சாப்பிடாமலே எழுந்து போனான் என்று சொன்னாள். டாக்டர் முன்னால் நான் எழுதிய சீட்டுக்கு வந்தாள், அங்கே குரல் கொஞ்சம் உயர்ந்தது. பஸ் வரும்வரை சொன்னாள். பஸ்ஸிலும் சொன்னாள், பக்கத்துச் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்க்கப் பார்க்கச் சொன்னாள். அம்பாசமுத்திரம் வந்து இறங்கிய பிறகும் முடியவில்லை. நான் கேட்டுக்கொண்டே வீடுவரை நடந்தேன்.